முதல் ஓராண்டு ஒரே கூரையின் கீழ்



வல்ல இறைவனின் பேரருளால் எங்கள் நிக்காஹ் நடந்து ஓராண்டு நிறைவுற்றிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இவ்வோராண்டைப் பற்றி எழுதுங்கள் என்று உறவினர் சிலர் கேட்டபோது முதலில் தயங்கினோம். இல்லறம் வீதியில் விரித்துக் காட்டும் பொருளன்று. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடையாவர் என்று திருமறை (2:187) உணர்த்துகிறது; ஆடையின் முதல் பணி மறைத்தல். ஆயினும் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கருத்து எங்களிடம் இருக்கிறது. அதற்காக மட்டும், எங்கள் வாழ்விலிருந்து தேவையான அளவை எடுத்து இங்கே வைக்கிறோம்.

கருத்து இதுதான்: மணமான முதல் ஓராண்டேனும் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ், ஓர் அடுப்பில் சமைத்து உண்டு, சேர்ந்து பயணம் செய்து வாழ வேண்டும். அது வசதி படைத்தோருக்கு வாய்க்கும் சலுகையன்று. நிக்காஹ்வோடு பிறக்கும் உரிமை.

விடுப்புக்குள் அடங்கும் திருமணங்கள்

நம் ஊர்களில் திருமண நாளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது மாப்பிள்ளையின் விடுப்பே. வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் இளைஞர் ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறார். முப்பது நாளோ நாற்பத்தைந்து நாளோ விடுப்பு. முதல் வாரத்தில் பேச்சு முடிகிறது. இரண்டாம் வாரத்தில் நிக்காஹ். அதன்பின் விருந்துச் சுற்று. ஒவ்வொரு வீட்டிலும் பிரியாணி, ஒவ்வொரு வீட்டிலும் புகைப்படம். விருந்துகள் முடிகிற நாளில் விமானச் சீட்டின் தேதியும் வந்து நிற்கிறது. கணவருக்கு எந்த ஆணம் பிடிக்கும் என்று அறிந்துகொள்வதற்குள், அவருடைய பெட்டியில் ஊறுகாய்ப் புட்டியை வைத்துக் கட்டும் நிலைக்குப் புதுப்பெண் வந்துவிடுகிறாள்.

அதன்பின் இல்லறம் தொலைபேசியில் நடக்கிறது. அங்கே வளரும் அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தொலைபேசி, சொல்ல விரும்பியதை மட்டுமே கொண்டு சேர்க்கும். சொல்லாமல் விட்டதை உடன் வாழ்பவர்தாம் காண்பார். ஃபஜ்ருக்கு எழும்போது ஒருவருக்கு எவ்வளவு நேரம் மௌனம் தேவைப்படுகிறது, காய்ச்சலில் அவர் குழந்தையாகிறாரா கடுகடுப்பாகிறாரா, கடன் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வருமா வராதா என்பனவற்றை எந்த அழைப்பும் காட்டித் தராது.

பிரிவு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. நம் கடற்கரை ஊர்களின் மரக்காயர்கள் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் பாய்மரக் காலத்திலேயே சென்றவர்கள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து 'சபுராளி' என்றொரு சொல்லையே நம் மக்கள் ஆக்கி வைத்திருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மணமான பின்னும் அவள் தாய்வீட்டை விட்டு அகலாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதை அனைவரும் அறிவோம். கணவன் கடல் கடந்திருக்கும் காலத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி உம்மாவும் லாத்தாமார்களும் இருந்தனர். இன்று பெருநகரின் அடுக்குமாடியிலோ, பழக்கமில்லாத மாமியார் வீட்டின் மாடியறையிலோ ஒரு பெண் அதே பிரிவைத் தனியே சுமக்கிறாள். தாங்கிய தூண் போய்விட்டது. சுமை மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்க்கம் காட்டும் அளவு

இல்லறத்தின் நோக்கத்தைப் பேசும் இறைவசனம் (30:21) மூன்று சொற்களை முன்வைக்கிறது: துணையிடம் பெறும் அமைதி, இருவருக்கிடையே அன்பு, இரக்கம். இம்மூன்றும் அருகிருந்து பெறுபவை. மனைவியருடன் நல்ல முறையில் வாழுமாறு மற்றோர் வசனம் (4:19) ஆணையிடுகிறது. வாழ்தல் என்னும் சொல்லுக்குப் பணம் அனுப்புதல் மட்டும் பொருளாகாது. உணவும் உடையும் உறைவிடமும் தருவது கணவன் மீது கடமைதான். கடமையில் ஒரு பகுதியை நிறைவேற்றுவதால் மறுபகுதி நீங்கிவிடுவதில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலச் செய்தி ஒன்றை நம் ஆலிம்கள் பயான்களில் எடுத்துரைப்பதுண்டு. இரவு நேரத்தில் மதீனாவின் தெருக்களில் சென்றுகொண்டிருந்த கலீஃபா, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் வருந்துவதைச் செவியுற்றார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் விடை அறிவிக்கப்படுகிறது. அதன்படி படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். எல்லைகள் விரிந்துகொண்டிருந்த காலம் அது. வீரர்களின் தேவை மிகுந்திருந்தது. அப்போதும் ஒரு பெண்ணின் தனிமை அரசின் கணக்கில் இடம்பெற்றது. நம் குடும்பங்களின் கணக்கில் அதற்கு இடமில்லாமற் போனது எப்படி?

பயணத்தைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள் தெளிவாகவே கற்பித்திருக்கிறார்கள். பயணம் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒருவகைத் துன்பம். சென்ற காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புக என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழியின் கருத்து. பயணத்தைத் தடுக்கவில்லை, அதற்கு ஓர் அளவு வைத்தார்கள்.

அடுப்படியில் இரண்டு மத்ஹபுகள்

எங்களில் மனைவி காயல்பட்டினத்தவர். கணவர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள உத்தமபாளையத்து இராவுத்தர் குடும்பத்தவர். ஒருவர் 'வாப்பா, உம்மா' என்பார். மற்றவர் 'அத்தா, அம்மா' என்பார். ஒருவர் ஷாஃபிஈ, மற்றவர் ஹனஃபி. குழம்பை 'ஆணம்' என்று சொல்வது மட்டும் இரு வீட்டுக்கும் பொது.

மத்ஹப் வேறுபாடு நூல்களில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். வாழ்க்கையில் அது நாள்தோறும் வந்து நிற்கும். கடல்வாழ் உயிரினங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவாக ஹலால். ஹனஃபியில் மீன் மட்டுமே. இறாலில் அவ்வறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நண்டும் கணவாயும் கூடா. காயலில் பிறந்தவருக்கு நண்டு ஆணம் இல்லாத மழைக்காலம் மழைக்காலமே அன்று. இருவரும் ஒருவர் மற்றவரின் மத்ஹபைத் திருத்தப் புறப்படுவதில்லை என்று முதல் மாதமே முடிவு செய்தோம். நண்டுக்குத் தனிச்சட்டி, தனிக் கரண்டி. அது சமைக்கும் நாளில் கணவருக்குப் பருப்பாணமும் முட்டையும்.

இதற்கு எங்களுக்கு வழிகாட்டியது ஒரு நபிமொழிச் செய்தி. உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, தம் மக்களின் மண்ணில் பழக்கமில்லாத உணவாதலால் மனம் செல்லவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார்கள். அவர்கள் பார்த்திருக்கவே காலித் பின் வலீத் (ரலி) அதை உண்டார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் உண்ணவும் மற்றவர் உண்ணாதிருக்கவும் இடம் இருந்தது. அந்த விரிப்பின் அளவுக்கு நம் வீடுகளும் அகலமாக இருந்தால் போதும். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்ற அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பையும் எங்கள் வீட்டுச் சட்டமாக்கிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்லலாம். மனைவியின் மேனி பட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியும், ஹனஃபியில் முறியாது. ஆதலால் மஃரிபுக்கு முன் தேநீர்க் குவளையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. விருந்துக்கு வந்த ஒரு பெரியவர் அதைக் கண்டு, இருவருக்கும் பிணக்கு என்றே எண்ணிக்கொண்டார். வீட்டின் அன்பு சில சமயம் வெளியாருக்குப் பிணக்காகத் தோன்றும். அந்த மொழி உள்ளே வாழ்பவர்களுக்கே புரியும். அம்மொழி உருவாகக் காலம் வேண்டும், அருகாமை வேண்டும்.

சமையல் யாருடைய வேலை? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்ததாகப் புகாரியில் காண்கிறோம். இதைக் கேட்டுக் கண் கலங்கும் நம் ஆண்களில் எத்தனை பேர் அடுப்பை மூட்டத் தெரிந்தவர்கள்? எங்கள் வீட்டில் வெள்ளி பகலும் ஞாயிறும் கணவரின் முறை. உத்தமபாளையத்து அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, எலும்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட தால்ச்சாவை அவர் கற்றார். காயலின் களரிக் கறியை மனைவி தம் உம்மாவிடமிருந்து எழுதி வாங்கி வந்தார். மாசிச் சம்பலின் மணத்துக்கு மலையடிவாரத்தில் வளர்ந்தவர் பழக மூன்று மாதம் ஆயிற்று. மல்லித்தூளின் அளவைக் குறைக்கச் சொல்லக் கடற்கரையில் வளர்ந்தவருக்கும் ஏறக்குறைய அதே காலம் ஆயிற்று. பிடிக்கவில்லை என்பதைப் புண்படாமல் சொல்லும் பயிற்சி ஆணத்தில் தொடங்கிப் பின்னர் பெரிய விஷயங்களுக்கும் உதவியது.

சமையலறையே குடும்பத்தின் முதல் கருவூலமும் ஆகும். அரிசி எத்தனை நாள் வரும், எண்ணெய் ஏன் இருபதாம் தேதியே தீர்ந்தது, மாதக் கடைசியில் விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்பனவற்றை ஒன்றாகக் கணக்கிட்டபோதுதான் எங்கள் வருவாயின் உண்மையான அளவு இருவருக்கும் தெரிந்தது. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்றும், ஆணம் காய்ச்சினால் நீரைச் சற்று மிகுத்து அண்டை வீட்டாரையும் கவனிக்க வேண்டும் என்றும் வரும் நபிமொழிகளின் கருத்தை மதரஸாவில் படித்திருந்தோம். கீழ்த்தளத்தில் தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கு வெள்ளிதோறும் ஒரு கிண்ணம் அனுப்பத் தொடங்கிய பிறகே அது படிப்பிலிருந்து பழக்கமாயிற்று.

சேர்ந்து செய்த பயணங்கள்

ஊருக்கு ஊர் சென்று உறவைப் பேணுதல் ஸிலத்துர் ரஹிம். இவ்வோராண்டில் காயலுக்கு நான்கு முறையும் உத்தமபாளையத்துக்கு ஐந்து முறையும் சென்றோம். பெரும்பாலும் இரவு இரயிலிலும் பேருந்திலும். சுமையை யார் தூக்குவது, கூட்டத்தில் யார் பொறுமை இழப்பது, வண்டி தாமதமானால் யார் யாரைத் தேற்றுவது என்பனவெல்லாம் பயணத்தில் வெளிப்படும். ஒரு மனிதரை அறிந்திருக்கிறேன் என்று சொன்னவரிடம், அவருடன் பயணம் செய்ததுண்டா என்று உமர் (ரலி) கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. மணமக்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடித் தோற்றார்கள். பின்னொரு நாளில் ஓடி வென்று, அதற்கு இது ஈடு என்று கூறினார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது, பயணத்தில் கைவசம் இருந்த பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யுமே வலீமா ஆயின. மணமும் பயணமும் உணவும் ஒருங்கே அமைந்த அந்த எளிய விருந்தைப் பற்றி நம் திருமண மண்டபங்களில் யாரும் பேசுவதில்லை.

மூன்றாவதாக ஒரு நெடும்பயணம். எங்களில் மனைவியின் பாட்டனார் பினாங்கில் மளிகை வணிகம் செய்தவர். மூன்றாண்டுக்கு ஒருமுறை காயலுக்கு வருவார். அவர் வாழ்ந்த ஊரைக் காணவும், அங்குள்ள உறவினரைச் சந்திக்கவும் எட்டு நாள் சென்றோம். ஜார்ஜ் டவுன் நகரில் நம்மவர் பெயரால் சூலியா வீதி இருக்கிறது. அருகே 1801 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அன்றைய இந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது. இந்நகரின் பழைய பகுதியை 2008 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தோளில் காவடிபோல் தண்டு வைத்து, இருபுறமும் சோறும் ஆணமும் தொங்கவிட்டு நம்மவர்கள் தெருத்தெருவாக விற்றதிலிருந்து வந்ததே 'நாசி கண்டார்' என்னும் பெயர். இன்று அது பினாங்கின் அடையாள உணவு. அதன் ஆணத்தில் காயலின் சுவையை மனைவி அடையாளம் கண்டுகொண்டார்.

அங்கே எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான 'ஜாவி பெரானாக்கான்' சமுதாயம் அங்கே வாழ்கிறது. மலாய் இதழியலிலும் வணிகத்திலும் பெயர் பெற்ற சமுதாயம் அது. அவர்களைக் கண்டு பெருமிதம் கொண்டோம். அதே வேளையில், அப்படிச் சென்றவர்களில் சிலருக்கு இக்கரையிலும் ஒரு மனைவி காத்திருந்தாள் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாட்டனார் அப்படிப்பட்டவர் அல்லர். இறுதிவரை பணம் அனுப்பினார், கடிதம் எழுதினார், கடைசியில் ஊருக்கே வந்து மறைந்தார். ஆனால் அவருடைய கடையிருந்த தெருவில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தோம். உம்மாவின் உம்மா அத்தெருவை ஒருநாளும் கண்டதில்லை. நாற்பதாண்டு இல்லறத்தில் அவர்கள் சேர்ந்திருந்த காலத்தைக் குடும்பத்தார் கூட்டிப் பார்த்தபோது ஆறாண்டுகூடத் தேறவில்லை.

பினாங்கில் தொழுகையும் எங்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது. ஓரூரில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குபவர் ஹனஃபி மத்ஹபில் பயணியே. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்க வேண்டும். ஷாஃபிஈயில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இருந்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டோம். இஷாவைக் கணவர் இமாமாக நின்று இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுப்பார். பின்னால் நின்ற மனைவி எழுந்து மீதி இரண்டையும் நிறைவு செய்வார். கணவர் அமைதியாக அமர்ந்து காத்திருப்பார். எட்டு நாளும் இப்படியே.

பணம் என்னும் நியாயம்

எங்கள் கருத்துக்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. வளைகுடாப் பணம் நம் ஊர்களில் வீடுகளைக் கட்டியது, தங்கைகளைக் கரையேற்றியது, பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பியது. கடனில் இருக்கும் தந்தைக்கு மகனின் ஊதியமே மூச்சு. உடன் அழைத்துச் செல்லலாமே என்பதும் எளிதன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் ஊதியம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். சவூதி அரேபியா 2017 ஜூலை முதல் உடனுறையும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது; ஆண்டுக்கு 100 ரியாலாக உயர்ந்து 2020 இல் அது 400 ரியால் ஆயிற்று. எளிய ஊதியக்காரர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இவர்களை நோக்கி நாங்கள் விரல் நீட்டவில்லை.

இந்தச் சிக்கலுக்குள் நாங்களும் நிற்கிறோம். கணவருக்கு இப்போது வளைகுடாவிலிருந்து ஒரு பணி வாய்ப்பு வந்திருக்கிறது. சென்னையில் பெறும் ஊதியத்தைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. ஆனால் ஈராண்டு ஒப்பந்தம், குடும்ப விசா இல்லை. உத்தமபாளையத்தில் ஒரு தங்கை திருமண வயதில் இருக்கிறாள். மனைவியின் முந்தானையில் முடிந்துகொண்டான் என்று உறவில் சிலர் பேசுவதும் காதுக்கு வந்தது. இருவரும் அமர்ந்து கணக்குப் போட்டோம். தங்கையின் திருமணத்துக்குத் தேவை என்று கூறப்பட்ட தொகையில் பெரும்பகுதி கைக்கூலிக்கும் சீருக்கும் ஆயிரம் பேர் விருந்துக்குமே ஆகிறது. மார்க்கம் மஹரை (4:4) மணமகன் மீது கடமையாக்கியிருக்க, அதைத் தலைகீழாக்கிய ஒரு வழக்கத்துக்குப் பணம் சேர்க்க ஒரு மனைவியின் ஈராண்டைக் கொடுப்பதா? தங்கைக்குக் கைக்கூலி கேட்காத மாப்பிள்ளையைத் தேடுவோம். குடும்பத்தோடு செல்லும் வாய்ப்பு வரும்வரை இருக்கும் வேலையில் இருப்போம் என்று அத்தாவிடம் தெரிவித்திருக்கிறோம். அவர் இன்னும் முழுமையாக இசையவில்லை. அவருடைய கவலை நியாயமானது, மரியாதையோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

சமுதாயத்தின் முன் சில வேண்டுகோள்கள்

முதலாவது, நிக்காஹ்வுக்கு முன்பே வசிப்பிடம் பற்றிப் பேசி முடிவு செய்யுங்கள். மஹரும் மண்டபமும் பேசும் சபையில், மணமக்கள் முதல் ஓராண்டு எங்கே, எப்படி வாழ்வார்கள் என்று கேட்க யாரும் வாய் திறப்பதில்லை. நிறைவேற்றப்பட வேண்டிய நிபந்தனைகளில் முதன்மையானவை திருமணத்தின்போது ஏற்ற நிபந்தனைகளே என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. பெண்ணின் வலீ இதைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, விருந்தைக் குறைத்து வாழ்வைப் பெருக்குங்கள். எங்கள் வலீமாவை 250 பேரோடு நிறுத்திக்கொண்டோம். மிஞ்சிய தொகையே வாடகை வீட்டின் முன்பணமும், அடுப்பும் பாத்திரங்களும், பினாங்குப் பயணச் சீட்டுகளும் ஆயிற்று. ஒருநாள் உண்டு கலையும் கூட்டத்துக்குச் செலவிடுவதில் பாதியை மணமக்களின் முதல் ஆண்டுக்குக் கொடுத்தால் எத்தனையோ இளைஞர்கள் விமானம் ஏறுவதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

மூன்றாவது, கூட்டுக் குடும்பத்தில் வாழும் மணமக்களுக்கு வாரத்தில் ஒருநாளேனும் சமையலறையை விட்டுக்கொடுங்கள். இது மாமியார்மார்களுக்கு எங்கள் அன்பான விண்ணப்பம். புதுப்பெண் உப்பைக் கூட்டிப் போடட்டும், மகன் வெங்காயம் நறுக்கட்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்து பழகட்டும்.

நான்காவது, பிரிந்தே தீர வேண்டியவர்கள் பிரிவுக்கு அளவு வையுங்கள். அமீரகச் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுதோறும் 30 நாள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. சவூதியில் குறைந்தது 21 நாள். இதை ஈராண்டுக்குச் சேர்த்து வைத்து வருவதே நம் வழக்கமாகிவிட்டது. பயணச் செலவு கூடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை வாருங்கள். உமர் (ரலி) வைத்த அளவை எட்ட முடியாவிட்டாலும் அதை நோக்கியாவது நகருங்கள்.

ஐந்தாவது, ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதோடு நின்றுவிடாமல், மணமக்களை ஒருநாள் அழைத்து, கணவன் மனைவியின் கடமைகளையும் வீட்டுக் கணக்கையும் மத்ஹப் வேறுபாடுகளைக் கையாளும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஊர்விட்டு ஊர் மணமுடிப்பது பெருகிவரும் காலத்தில் இது மிகவும் தேவை.

ஓராண்டு என்பது சிறிய காலம். எல்லாம் கற்றுவிட்டோம் என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் இவ்வோராண்டில் சேர்ந்து உண்ட சோற்றின் பலத்தில்தான் வருகிற ஆண்டின் சோதனைகளை எதிர்கொள்ளப் போகிறோம். பணம் இன்று வராவிட்டால் நாளை வரும். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. கழிந்துபோன முதல் ஆண்டை யாரும் பின்னர் சம்பாதித்துக் கொண்டுவர இயலாது. உங்கள் வீட்டில் இவ்வாண்டு ஒரு நிக்காஹ் நடக்குமானால், தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள்.

எங்கள் தங்கைக்கு ஸாலிஹான துணை அமையவும், பெற்றோரின் மனம் குளிரவும், கடல் கடந்து உழைக்கும் சகோதரர்கள் விரைவில் தத்தம் குடும்பத்தாருடன் ஒன்றுசேரவும் துஆச் செய்யுங்கள். நம் இல்லங்களில் அமைதியையும் அன்பையும் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.